கைராசிக்கு ஒரு பீடம்

காலை ஐந்து மணி ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு பளபளப்பு. வேலாயுதம் அண்ணனின் இடது முன்கையில், கயிறுபோல் புடைத்திருந்த ரத்தக் குழாயின் மேல், பத்து சென் காசளவுக்குத் தோல் மினுங்கியது. மற்ற இடமெல்லாம் வெயிலில் கறுத்துத் தடித்த தோல். அந்த ஒரு வட்டம் மட்டும் பழுத்த தக்காளியின் மேல்தோலைப்போல மெலிந்து, விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

ஊசி என் வலது கையில் இருந்தது. பளபளப்பைப் பார்த்த பிறகும் அதை அந்த வட்டத்தின் விளிம்புக்குத்தான் கொண்டுபோனேன். அங்கேதான் அவருக்கு வலிக்காது.

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், குளுவாங் நகரத்து டயாலிசிஸ் மையம் ஒன்றில் நான் நர்ஸாக இருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்தத் தவக்காலத்தில் அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியக் கூட்டத்தில், குடும்பத்துக்கு ஒருவர் பத்துக் கட்டளைகளில் ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும் என்று சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு முதலாவது விழுந்தது: என்னைத் தவிர வேறு தெய்வம் உனக்கு இருக்கக் கூடாது. பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா சிரித்தாள். அவள் இப்போது அதே மையத்தில் நர்ஸ்.

"ஆன்ட்டிக்கு ஈசியா கெடச்சிருச்சு. நமக்கெல்லாம் அது பிரச்சனையே இல்ல லா" என்றாள்.

நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். பாலோ பக்கத்துத் தோட்டத்தில் எங்களுடையது சில கத்தோலிக்க வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டு அக்கா சாமிக்குப் படைத்த திருவிழாப் பொங்கலைக் கொண்டுவந்து தந்தால் அம்மா முகம் மலர்ந்து வாங்கிக்கொள்வார், எங்களுக்குக் கொடுக்கமாட்டார். முதல் கட்டளை என்றால் எனக்கு அந்தப் பொங்கல் கிண்ணம்தான். பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்யும்போது அதைத் தாண்டி நேராக மற்றவற்றுக்குப் போய்விடுவேன். கோபம், பொறுமையின்மை, ஞாயிறு பூசைக்குத் தாமதம். என் கணக்கில் வந்தவை அவைதாம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பள்ளி முடித்து ஓராண்டு ஒரு தமிழ் நாளிதழின் வட்டார நிருபருக்குச் செய்தி எழுதிக் கொடுத்தேன். "கண்டத மொத வரியில போடு, நெனச்சத வீட்டுக்குக் கொண்டு போ" என்று அவர் என் தாளைத் திருப்பித் தருவார். பிறகு நர்ஸிங், பொது மருத்துவமனை, சிறுநீரகப் பிரிவு, கடைசியாக இந்த மையம்.

மையத்தின் பொறுப்பாளர் தலைமை நர்ஸ் சிஸ்டர் சோங். குள்ளமானவர், நடக்கும் சத்தம் கேட்காது. யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை, திட்டியும் கேட்டதில்லை. தவறு நடந்தால் ஒரு கேள்வி கேட்பார். பதில் நமக்குத் தெரிந்ததாகவே இருக்கும். சொல்லும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

ஊசி போடும் முறையை அவர் எங்களுக்குக் காட்டியது இப்படி. மணிக்கட்டுக்கு மேலே, அறுவை செய்து தமனியையும் சிரையையும் இணைத்த தழும்பின்மேல் மூன்று விரல்களை வைக்க வேண்டும். அழுத்தக் கூடாது. உள்ளே ஓர் உறுமல் ஓடும், தூங்கும் பூனையின் தொண்டையில் ஓடுவதுபோல. அது இருந்தால் கை உயிரோடு இருக்கிறது. பிறகு காதுக் கருவியை வைத்துக் கேட்க வேண்டும். விரல்களை மெதுவாக மேலே நகர்த்தி, குழாய் எங்கே நேராக ஓடுகிறது, எங்கே வளைகிறது என்று மனத்துக்குள் வரைந்துகொள்ள வேண்டும். அதன் பிறகுதான் இரண்டு ஊசிக்கும் இடம் பார்க்க வேண்டும், ரத்தம் வெளியே வர ஒன்று, திரும்பிப் போக ஒன்று. போன தடவை குத்திய இடத்தில் இந்தத் தடவை குத்தக் கூடாது. ஒரு விரல் அகலம் மேலே போக வேண்டும், அடுத்த முறை இன்னும் மேலே, உச்சிக்குப் போனதும் மறுபடி கீழே. 'தங்கா' என்பார், மலாயில் ஏணி. ஒவ்வொரு படியாக ஏறினால் முதல் படியின் காயம் ஆற நேரம் கிடைக்கும். ஒரே படியில் நின்று மிதித்துக்கொண்டிருந்தால் படி உடையும்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். மாதம் ஒருமுறை எங்கள் நாற்காலிகளை மாற்றிவிடுவார். இங்கே எந்த நர்ஸுக்கும் சொந்தக் கை கிடையாது என்பார்.

வேலாயுதம் அண்ணன் எண்ணெய்ப் பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர். பாலோவிலிருந்து வருவார். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அப்போதும் ஓட்டிக்கொண்டிருந்தார். வலது கையில் முதலில் அறுவை செய்து அது பலிக்கவில்லை. இடது கை ஒன்றுதான் மிச்சம். அந்தக் கைதான் அவர் உயிர். ஆனால் ஊசியென்றால் நடுக்கம். என்னுடன் வேலை பார்த்த நோராய்னி முதல் நாள் அவருக்கு ஊசி போட்டபோது அவர் போட்ட சத்தத்தில், ஆறாம் நாற்காலியில் உறங்கிக்கொண்டிருந்த சீனப் பெரியவர் எழுந்து, எங்கே தீ என்று கேட்டார்.

அடுத்த முறை நான் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"எப்ப போடுவீங்க சிஸ்டர்?"

"போட்டாச்சுண்ணே."

கண்ணைத் திறந்து கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அலமாக்! கைராசிக்காரங்க சிஸ்டர் நீங்க" என்றார்.

அதற்கு அடுத்த தடவையிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. பிரிக்காத ஊசி உறையோடு நான் பக்கத்தில் போய் நின்றதும், உறையைப் பிடித்திருக்கும் என் கையை அவர் தன் வலது விரல்களால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். முதல் முறை நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"அண்ணே, அதெல்லாம் வேணாம். நான் மாதா கோயில் ஆளு."

"இருந்தா என்ன சிஸ்டர், நான் மாதாவையும் கும்புடுறவன்தான்."

இரண்டாம் முறையும் இழுத்துக்கொண்டேன். எந்த வாரத்தில் இழுப்பதை நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியாது. அந்த நாளைப் பின்னால் பலமுறை தேடிப் பார்த்திருக்கிறேன், அகப்படவில்லை.

அந்த ஆண்டு மையத்துக்கு இன்னொரு கிளை திறந்தார்கள். சிஸ்டர் சோங் பெரும்பாலும் அங்கே போய்விட்டார். நாற்காலி மாற்றும் விதி தளர்ந்தது. வேலாயுதம் அண்ணன் என்னைத் தவிர யாரிடமும் கையை நீட்டமாட்டார். மற்றவர்களும் நிம்மதியாக அவரை என்னிடம் விட்டுவிட்டார்கள். நான் அந்த முதல் இடத்திலேயே குத்தினேன். அதற்குப் பக்கத்தில், மறுபடி அங்கேயே. அடிக்கடி குத்திய தோல் தழும்பாகி உணர்ச்சியை இழக்கும். ஊசி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். இது எந்த நர்ஸுக்கும் தெரிந்தது. எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு ஒரு நல்ல காரணம் இருந்தது: வலித்தால் பயப்படுவார், பயந்தால் வராமல் இருந்துவிடுவார், வராவிட்டால் செத்துப்போவார். இரக்கம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

பேச்சு பரவியது. சாஆ என்ற ஊரிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "அந்த அண்ணனுக்குப் போடுற மாதிரியே எனக்கும் போடுங்க" என்றார். ஆறாம் நாற்காலிப் பெரியவரும் என்னைக் கைகாட்டிக் கேட்கத் தொடங்கினார். நோராய்னி சிரித்துக்கொண்டே, "நீ இல்லாத நாளில் நாங்கள் கடையைச் சாத்திவிடலாம்" என்று மலாயில் சொன்னார்.

எல்லாரையும் இயந்திரத்தில் இணைத்து முடித்ததும் கூடத்தின் விளக்குகளைத் தாழ்த்திவிடுவோம். அந்த நேரத்தை எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே மலை இருக்கும் திசையில் வெறும் வெண்மை. உள்ளே போர்வைகளுக்குள் மனிதர்கள் பாதித் தூக்கத்தில் மிதப்பார்கள். ஒவ்வொருவருடைய ரத்தமும் உடம்பைவிட்டு வெளியே வந்து, தெளிந்த குழாய்களில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வீட்டுக்குப் போகும். குழாயைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். யாராவது தூக்கத்தில் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இயந்திரங்கள் ஒரே சுருதியில் முனகும். நான் நாற்காலிகளுக்கிடையே தண்ணீருக்கடியில் நடப்பவளைப்போல நடப்பேன். அந்த உறுமல் விரல்களிலேயே தங்கிவிடும். வீட்டுக்கு ஓட்டிப் போகும்போது காரின் ஸ்டீரிங்கில் அது இருக்கும். மாலையில் செபமாலையை எடுத்தால் மணிகளில் இருக்கும்.

செபமாலைக்குப் பிறகு சிறிது நேரம் அன்றைய நாளைத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். ஒரு தியானத்தில் கன்னியாஸ்திரி ஒருவர் பழக்கியது. காலையிலிருந்து நடந்தவற்றை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எங்கே இறைவன் இருந்தார், எங்கே நான் அவரைவிட்டு விலகினேன் என்று கேட்க வேண்டும். படம் ஓடும். ஆனால் ஒவ்வொரு மாலையும் ஒரே இடத்தில் தானாக நின்றுவிடும்: கண்ணில் ஒற்றும் விரல்கள், 'கைராசிக்காரங்க' என்ற சொல். நான் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு, இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வேன்.

ஒரு வியாழன் என் அண்ணன் மகள் திருமணத்துக்காகச் சிரம்பான் போயிருந்தேன். திரும்பி வந்த சனிக்கிழமை காலை வேலாயுதம் அண்ணனை அவர் மனைவி சரசு அக்கா தோளில் தாங்கி அழைத்து வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

"வியாழக்கெழம வரவே இல்ல சிஸ்டர். நீங்க இல்லன்னா கைய நீட்டமாட்டேன்னுட்டாரு. பிள்ளைங்க அழுதும் கேக்கல."

"என்னண்ணே இது? நெஞ்சுல தண்ணி ஏறியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அதான்... வந்துட்டீங்கள்ல... சிஸ்டர்."

அவரைத் திட்டினேன், மூக்கில் ஆக்சிஜன் வைத்தேன், எடை பார்த்தேன், ஊசி போட்டேன், அதே இடத்தில். அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எனக்குள் ஏதோ இனித்தது. கண்டதைத்தான் எழுத வேண்டும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன். அன்று அதற்கு நான் பெயர் வைக்கவில்லை.

அடுத்த செவ்வாய்தான் தொடக்கத்தில் சொன்ன காலை. சிஸ்டர் சோங் அந்த வாரம் எங்களிடம் திரும்பியிருந்தார். அவர் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"சியாப்பா பிலிஹ் தெம்பாட் இனி?" என்றார். இந்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தது?

ஊசியைத் தட்டில் வைத்தேன். அவர் குனிந்து, விரலின் பின்பக்கத்தால் அந்த மினுங்கும் வட்டத்தைத் தொட்டார். தொட்டாரா என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு மெதுவாக. கீழே குழாயின் சுவர் மெலிந்து ஊதியிருந்தது. அது வெடித்தால் வீட்டிலேயே, சோற்றுத் தட்டின் முன்னாலேயே, ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எங்கள் இருவருக்கும் அது தெரியும்.

"வலிக்கவில்லை என்கிறார்," என்று மலாயில் தொடர்ந்தார். "அது உன் கையாலா, இந்தத் தோலாலா?"

பதில் சொல்லும்வரை நின்றார்.

"தோலால்தான், சிஸ்டர்."

"மேலே போ. நீயே போடு. பிறகு அவரிடம் நீயே சொல்."

நான்கு விரல் மேலே, ஊசியே பார்த்திராத தோலில் இடம் பார்த்துக் குத்தினேன். முறையாகத்தான் குத்தினேன். வேலாயுதம் அண்ணன் நாற்காலியிலிருந்து எழும்பி விழுந்தார்.

"ஐயோ சிஸ்டர்! என்ன ஆச்சு ஒங்க கைக்கு?"

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அன்று நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. டாக்டர் ஒருமுறை கையைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, மெலிந்த இடத்தின்மேல் இறுக்காமல் கட்டுப் போட்டு, கனமான எதையும் தூக்கக்கூடாது என்று சரசு அக்காவிடம் சொல்லி அனுப்பினேன்.

அன்று மாலை படம் ஓடியபோது நிற்கும் இடத்தில் நின்றது. ஆனால் காட்சி வேறு. எல்லாரும் திரும்பிப் பார்த்த அந்தக் கணம். அவர் கை வெடித்துவிடுமோ என்ற பயத்தைவிட, எல்லார் முன்னாலும் என் கை தோற்றுப்போனதே என்ற கூச்சம் பெரிதாக இருந்தது. அளந்து பார்த்தேன், பெரிதாகத்தான் இருந்தது. ஒரு மனிதனுடைய உயிரைவிடப் பெரிதாக நான் உள்ளே எதையோ வைத்திருக்கிறேன் என்றால், அதற்கு விவிலியம் வைத்திருக்கும் பெயர் எனக்குத் தெரியும், சிலை வணக்கம். நான் எப்போதும் தாண்டிப்போன பெயர். மனம் யாரும் சொல்லாமல் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம்தான் பீடம். என் பீடத்தில் ஒரு ரப்பர் கையுறை போட்ட கை இருந்தது. அதற்குப் படையலாக ஒருவருடைய தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அது ஏன் இவ்வளவு நாள் தெரியவில்லை என்றும் யோசித்தேன். அதைச் சுற்றி இருந்ததெல்லாம் நல்லவை. சேவை, இரக்கம், நோயாளியின் நம்பிக்கை. இரவில் நன்றி செபம்கூட இருந்தது. பொங்கல் கிண்ணத்தைத் தள்ளிவைக்கத் தெரிந்தவளுக்கு இதைத் தள்ளிவைக்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை மாலைப் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழக்கமான பட்டியலை விட்டுவிட்டு இதை மட்டும் சொன்னேன். பங்குத் தந்தை கடைசிவரை கேட்டார்.

"அந்த ஆளுக்கு உண்மையச் சொல்லிட்டீங்களாம்மா?"

"இன்னும் இல்ல, ஃபாதர்."

"சொன்னா ஒங்களுக்கு என்ன போயிரும்?"

பதில் வாய்வரை வந்து நின்றது. கைராசி போய்விடும். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மன்னிப்பு வழங்கினார். தவமாகச் செபம் எதுவும் தரவில்லை. அந்த மனிதரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றார்.

வியாழன் காலை, ஊசி உறையை எடுப்பதற்கு முன்பே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, எனக்குக் கைராசி எல்லாம் இல்ல. ஒரே எடத்துல குத்திக் குத்தி அங்க ஒங்களுக்கு உணர்ச்சி செத்துப்போச்சு. அதான் வலிக்கல. நான் அப்படிக் குத்தியிருக்கவே கூடாது. தோலு மெலிஞ்சிருச்சு. ஜோகூர் பாருல டாக்டர் பாக்கணும், வெட்டித் தைக்க வேண்டியிருக்கும்."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கை போயிருமா சிஸ்டர்? வேற கை இல்லியே எனக்கு."

"இப்ப பாத்துட்டதால பொழச்சிக்கும்னு சிஸ்டர் சோங் சொல்றாங்க. நானும் அப்படித்தான் நெனக்கிறேன். ஆனா இனிமே புது எடத்துலதான் குத்தணும். எல்லாரும் குத்தணும். நான் இல்லாத அன்னிக்கும் நீங்க வரணும்."

"வலிக்குமே."

"வலிக்கும்ணே."

பக்கத்து இயந்திரம் ஒருமுறை கூவி அடங்கியது.

"நீங்க தெனம் என் கையத் தொட்டுக் கும்புட்டதுல," என்று நான் தொடங்கினேன், "எனக்கு..."

"யாரு ஒங்களக் கும்புட்டா?" என்றார் சட்டென்று.

நான் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஊசியத்தான் கும்புட்டேன் லா. ஒடம்புக்குள்ள போற சாமானாச்சே. காலையில லோரி ஸ்டீரிங்கையும்தான் தொட்டுக் கும்புடறேன். அது என்னிக்காவது பெரும பட்டிருக்கா?" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க என்னா சிஸ்டர், ஒங்களுக்குன்னு நெனச்சிக்கிட்டீங்களா?" என்று சிரித்தார். சிரிப்பில் கோபம் இருந்தது. அதற்கு அவருக்கு உரிமையும் இருந்தது.

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் செய்தது எதுவும் சிலை வணக்கம் அல்ல. ஒரு வேலைக்காரன் தன் நாளின் கருவிக்குச் செய்யும் மரியாதை. தோட்டத்தில் என் அம்மா எங்களை விலக்கிக் காத்ததெல்லாம் அந்த மாதிரி கைகளிடமிருந்துதான். வணக்கம் முழுவதும் என் பக்கத்தில் நடந்திருக்கிறது.

ஜோகூர் பாருவில் மெலிந்த பகுதியை வெட்டி எடுத்துக் குழாயைத் தைத்தார்கள். மேற்பகுதி தப்பியது, உறுமல் இருந்தது. காயம் ஆறும்வரை கழுத்தில் ஒரு குழாய் போட்டு டயாலிசிஸ் நடந்தது. சிஸ்டர் சோங் நாற்காலி மாற்றத்தை மறுபடி கொண்டுவந்தார். அந்த மாதம் எனக்கு விழுந்த வரிசை கூடத்தின் மறுபக்கம்.

இப்போது ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் கையளவு ஸ்கேன் கருவி ஒன்று தொங்குகிறது. தோலுக்கடியில் குழாய் எங்கே ஓடுகிறது என்று திரையில் காட்டும். இப்போதெல்லாம் கைராசி என்ற சொல்லையே கேட்பதில்லை என்று ஸ்டெல்லா சொல்கிறாள். அதற்கு இடம் வேறெங்கோ கிடைத்திருக்கும். நான் இப்போதும் மாலையில் நாளைத் திருப்பிப் பார்க்கிறேன், படம் தானாக எங்கே நிற்கிறது என்று கவனிக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு அது நிற்கும் இடங்களும் மாறியிருக்கின்றன. அன்பியக் கூட்டத்தில் இவ்வளவையும் சொல்லவில்லை, பாதியைச் சொன்னேன்.

தைத்த கை ஆறி மறுபடி ஊசிக்குத் தயாரான முதல் நாள் ஒரு சனிக்கிழமை. நான் மறுபக்க வரிசையில் ஆசிரியைக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். வேலாயுதம் அண்ணனுக்கு நோராய்னி ஊசி போட்டார். முதல் ஊசிக்குக் கத்தினார். இரண்டாவது ஊசிக்குக் கத்தவில்லை.